ஈறில் ரத்தம்: முதல் காசை எதில் போடுவது?

காலையில் பல் தேய்த்துத் துப்பும்போது நுரை சிவப்பாக வந்தால், நம் வீடுகளில் முதலில் மாறுவது பேஸ்ட்தான். மெடிக்கல் ஷாப்பில் சொன்னால் ஒரு மவுத்வாஷ் பாட்டிலோ, ஈறில் தடவும் ஜெல்லோ எடுத்துத் தருவார்கள். பெரியவர்கள் உப்புத் தண்ணீர் கொப்பளிக்கச் சொல்வார்கள். யாராவது ஒருவர் நல்லெண்ணெயை ஞாபகப்படுத்துவார், இன்னொருவர் வைட்டமின் சி மாத்திரை. பல் டாக்டர் இந்த வரிசையின் கடைசியில்தான் வருகிறார், அதுவும் பல் லேசாக ஆடத் தொடங்கிய பிறகு. இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எது எவ்வளவு தூரம் உதவும், எதற்கு எவ்வளவு செலவு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தால் காரணம் புரியும்.

ரத்தம் ஏன் வருகிறது என்பது ரொம்ப நாளாகவே தெரிந்த விஷயம். 1965இல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் ஹரால்ட் லோ என்ற பல் மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஒரு எளிய சோதனை செய்தார்கள். ஈறு நன்றாக இருந்த 12 பேரைக் கூப்பிட்டு, பல் தேய்ப்பதை நிறுத்தச் சொன்னார்கள். 10 நாளிலிருந்து 21 நாளுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு சிவந்து வீங்கிவிட்டது. மறுபடி தேய்க்கத் தொடங்கியதும் ஒரு வாரம் பத்து நாளில் எல்லாம் பழைய நிலைக்கு வந்தது. பேஸ்ட், சத்துக் குறைவு, பரம்பரை எதுவும் அதில் புகுந்து குழப்பவில்லை. பல்லில் படலம் சேர்ந்தால் ஈறு வீங்குகிறது, எடுத்தால் ஆறுகிறது, அவ்வளவுதான்.

அந்தப் படலம் என்பது பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் ஒட்டிக்கொள்ளும் கிருமிக் கூட்டம். நகத்தால் சுரண்டினால் வெள்ளையாக, பிசுபிசுப்பாக வரும். அதை எதிர்க்க உடம்பு அந்த இடத்துக்கு ரத்தத்தை அதிகமாக அனுப்புகிறது. ஈறின் உள்பக்கத் தோல் மெலிந்து, பிரஷ் பட்டாலே ரத்தம் கசிகிறது. பிரஷ் குத்திவிட்டது என்று நினைத்து அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுத் தேய்ப்பவர்கள் நிறையப் பேர். அப்படி விட்ட இடத்தில் படலம் இன்னும் சேரும், ரத்தம் இன்னும் வரும்.

ஒரே இடத்தில் இரண்டு மூன்று நாள் கிடந்தால், எச்சிலில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் படலத்தில் இறங்கி அது இறுகத் தொடங்கும். போர் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக உப்பு பிடிப்பது மாதிரிதான் இதுவும். இறுகிவிட்டால் அது காரை. எச்சில் சுரப்பிகள் திறக்கும் இடங்களுக்கு எதிரே இருக்கும் பற்களில், அதாவது கீழ்வரிசை முன்பற்களின் உள்பக்கத்திலும் மேல்வரிசைக் கடைவாய்ப் பற்களின் கன்னத்துப் பக்கத்திலும், அது முதலில் கட்டும். நாக்கு நுனியால் கீழ் முன்பற்களின் பின்புறத்தை ஒருமுறை தடவிப் பாருங்கள். ஒவ்வொரு பல்லும் வழவழவென்று தனித்தனியாகத் தெரிகிறதா? நல்லது. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே பள்ளமே தெரியாமல் சொரசொரவென்று ஒரே சீராக ஓடுகிறதா? அங்கே காரை உட்கார்ந்திருக்கிறது.

படலத்தை நீங்களே எடுத்துவிடலாம். காரையை எடுக்க முடியாது. இனி எதை எதோடு ஒப்பிட்டாலும் இந்த ஒரு கணக்கை மறக்க வேண்டாம்.

இந்த ஒப்பீட்டுக்கே வரக்கூடாதவர்கள்

காய்ச்சலோடு ஈறில் ரத்தம் வந்தால் பேஸ்ட், பிரஷ் எதையும் யோசிக்காதீர்கள். டெங்குவில் தட்டணுக்கள் குறையும்போது ஈறில், மூக்கில் ரத்தம் வருவது ஆபத்து அறிகுறி. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எதுவும் படாமலே தானாக ரத்தம் கசிவது, நேரம் போயும் நிற்காமல் வருவது, உடம்பில் அடிபடாமலே நீலத் திட்டுகள் தெரிவது, ஈறு திடீரென்று பொதபொதவென்று வளர்வது, கூடவே களைப்பு இருப்பது, இவற்றில் எது இருந்தாலும் முதலில் ரத்தப் பரிசோதனை. ரத்தப் புற்றுநோய் சில சமயம் ஈறில்தான் முதலில் காட்டும்.

ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ரத்தம் கொஞ்சம் தாராளமாகவே வரும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அது உயிருக்கே ஆபத்து. ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் ஆம்லோடிபின், வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயின் இரண்டுமே சிலருக்கு ஈறைத் தடிக்க வைக்கும். மாத்திரைச் சீட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு போனால் பல் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.

வீட்டு வைத்தியமா, ஸ்கேலிங்கா?

பல் டாக்டர் கருவியால் காரையை எடுப்பதுதான் ஸ்கேலிங். காரை இருக்கிறவர்களுக்கு இதில் ஒப்பிடவே ஒன்றுமில்லை. உப்புத் தண்ணீரோ எண்ணெயோ எந்தப் பேஸ்ட்டோ காரையைக் கரைக்காது. ஊசி, ஊக்கு, பிளேடு நுனியால் நெம்பி எடுக்கப் பார்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தெரியும் துண்டு ஒன்று உடைந்து வரும், ஈறுக்குக் கீழே இருப்பது அப்படியே நிற்கும், ஈறு கிழிந்ததுதான் மிச்சம். எலுமிச்சையும் சோடா உப்பும் கலந்து தேய்த்தால் காரை உதிரும் என்று வீடியோக்கள் சொல்கின்றன. எலுமிச்சையின் புளிப்பு பல்லின் எனாமலைத்தான் அரிக்கும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

ஸ்கேலிங்குக்குப் போகத் தயங்குபவர்கள் சொல்லும் காரணங்கள் மூன்று: பல் தேயும், பல் ஆடும், பல்லுக்கு நடுவில் சந்து விழும். இந்தப் பயத்தைச் சிரித்து ஒதுக்குவது நியாயமில்லை, ஏனென்றால் செய்துகொண்டவர்கள் உண்மையிலேயே சில மாற்றங்களை உணர்கிறார்கள். ஸ்கேலரின் முனை நொடிக்கு 25,000 தடவைக்கு மேல் அதிர்ந்து, தண்ணீர் பீய்ச்சியபடி காரையை உதிர்க்கிறது. அது பல்லைச் செதுக்கும் கருவி கிடையாது. சந்து தெரிவது உண்மைதான். இத்தனை நாள் அந்த இடத்தை அடைத்துக்கொண்டு இருந்த காரை போய்விட்டது, வீங்கியிருந்த ஈறும் வற்றிவிட்டது. பல் ஆடுவது போலத் தோன்றுவதும் அப்படித்தான். தாங்கும் எலும்பு ஏற்கெனவே இறங்கிய பற்களைக் காரை ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருக்கும். அதை எடுத்ததும் உள்ளே இருந்த நிலைமை வெளியே தெரிகிறது. எடுக்காமல் விட்டிருந்தால் எலும்பு இன்னும் இறங்கியிருக்கும். சில நாள் பல் கூசும். சிலருக்கு இரண்டு வாரம்கூட இருக்கும், அப்புறம் அடங்கிவிடும்.

செலவு ஊருக்கு ஊர் மாறும். தனியார் கிளினிக்கில் சில நூறு ரூபாயிலிருந்து இரண்டாயிரம் வரை கேட்கிறார்கள். கட்டுப்படியாகாதவர்களுக்குப் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, சிதம்பரத்திலும் புதுக்கோட்டையிலும் உள்ள அரசுக் கல்லூரிகள், இவை போக ஏராளமான தனியார் கல்லூரிகள். கிளினிக்கோடு ஒப்பிட்டால் கல்லூரியில் நேரம் அதிகம் பிடிக்கும். காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போட்டுக் காத்திருக்க வேண்டும். வேலை செய்பவர் பயிற்சியில் உள்ள மாணவராக இருப்பார், ஆசிரியர் வந்து சரிபார்ப்பார். ஒரே நாளில் முடியாமல் மறுபடி வரச் சொல்லலாம். ஆனால் அவசரமில்லாமல் ஒவ்வொரு பல்லாகப் பார்ப்பார்கள், ஈறு நோய்க்கென்றே படித்த நிபுணர்களும் அதே கட்டடத்தில் இருப்பார்கள். தினக்கூலிக்குப் போகிறவருக்கு ஒரு நாள் சம்பளம் போவதும் செலவுதான். அதையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். மற்றவர்களுக்கு, நேரம் இருந்தால், கல்லூரியைத்தான் சொல்வேன்.

இதய வால்வு மாற்றியவர்கள் உட்காருவதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும், முன்கூட்டியே ஆன்டிபயாடிக் தேவைப்படும். கர்ப்பமாக இருக்கும் பெண்களுக்கு ஹார்மோன் மாற்றத்தால் கொஞ்சம் படலம் இருந்தாலே ஈறு அதிகமாக வீங்கும். "குழந்தை பிறக்கட்டும், பார்க்கலாம்" என்று மாமியாரும் அம்மாவும் தள்ளிப்போடுவது வழக்கம். தள்ளிப்போட அவசியமில்லை. கர்ப்ப காலத்தில் ஸ்கேலிங் செய்யலாம், நான்கிலிருந்து ஆறாம் மாதம் வரை உட்காரவும் வசதியாக இருக்கும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது. சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரை கட்டுப்படாது. ஈறு நோய்க்குச் சிகிச்சை எடுத்தவர்களுக்கு மூன்று நான்கு மாதத்தில் எச்பிஏ1சி (சில மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) அளவு ஏறக்குறைய 0.4 புள்ளி குறைகிறது என்று, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு 2022இல் சொன்னது. பல்லைச் சுத்தம் செய்ததற்குக் கிடைக்கும் இந்தப் பலன் சின்ன விஷயமில்லை.

சரி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லாருமே ஸ்கேலிங் செய்ய வேண்டுமா? அதே காக்ரேன் 2018இல் இதையும் ஆராய்ந்தது. தீவிர ஈறு நோய் இல்லாமல், பல் டாக்டரை ஒழுங்காகப் பார்த்துவரும் பெரியவர்களில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்தவர், வருடத்துக்கு ஒருமுறை செய்தவர், செய்யாதவர் என்று மூன்று கூட்டத்துக்கும் இரண்டு மூன்று வருடத்தில் ஈறு வீக்கத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே ஏற்கெனவே கட்டிய காரையை எடுக்க ஸ்கேலிங் கட்டாயம் வேண்டும். எடுத்த பிறகு ஈறைக் காப்பது தினமும் வீட்டில் செய்யும் வேலைதான். மீதிக் காசை எதில் போடுவது என்ற கேள்வி இங்கேதான் முக்கியமாகிறது.

மீதிக் காசு

என்னைக் கேட்டால் பல்லிடை பிரஷ்ஷுக்கு. நம் ஊரில் இதைப் பலர் பார்த்ததே இல்லை. சின்னக் கைப்பிடியின் நுனியில் மெல்லிய கம்பி, அதைச் சுற்றிக் குட்டி நார்கள், பாட்டில் கழுவும் பிரஷ்ஷின் வடிவம். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே நுழைத்து இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் இழுக்க வேண்டும். ரத்தம் பெரும்பாலும் வருவது பல்லின் முகப்பில் அல்ல, இந்த இடுக்கில்தான். சாதாரண பிரஷ் அங்கே எட்டாது. என் அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்தபோது, கடைவாய்ப் பற்களின் நடுவே விட்டு எடுத்த நார் முழுக்கச் சிவப்பாக வந்தது, முகர்ந்து பார்த்தால் நாற்றம். பயந்து நிறுத்தப் பார்த்தார். டாக்டர் தொடரச் சொன்னார். ஒரு வாரம் போனதும் நார் வெள்ளையாகவே வெளியே வந்தது. எந்த இடுக்கில் ரத்தம், எந்த இடுக்கில் இல்லை என்று இவ்வளவு துல்லியமாகக் காட்டும் பொருள் வீட்டில் வேறு எதுவும் கிடையாது.

ஃப்ளாஸ் நூலோடு ஒப்பிட்டால்? 2019இல் காக்ரேன் இரண்டையும் பார்த்தது. பல்லிடை பிரஷ் நூலைவிடக் கொஞ்சம் மேல் என்றுதான் தெரிந்தது, ஆனால் ஆதாரம் அவ்வளவு வலுவானதல்ல என்றும் அவர்களே சொன்னார்கள். நடைமுறையில் நூலை விரலில் சுற்றி, கடைவாய் வரை கொண்டுபோய், ஒவ்வொரு பல்லையும் அணைத்துத் தேய்ப்பதற்குப் பொறுமையும் கைப்பழக்கமும் வேண்டும். மூட்டு வலி உள்ள பெரியவர்களால் முடியாது. ஆனால் இளம் வயதில் பற்கள் நெருக்கமாக இருந்தால் பிரஷ் நுழையவே நுழையாது. அங்கே நூல்தான் வழி. பிரஷ்ஷை வலுக்கட்டாயமாக அழுத்தினால் ஈறு காயப்படும். அளவு பல வகை உண்டு. ஒரே வாயில் முன்னால் ஒரு அளவு, பின்னால் ஒரு அளவு தேவைப்படலாம். ஸ்கேலிங் முடிந்த கையோடு டாக்டரிடமே எந்த அளவு என்று கேட்டு வாங்கிவிடுங்கள். ஒரு பிரஷ்ஷைக் கழுவிக் காயவைத்துப் பல நாள் பயன்படுத்தலாம். நூல் தினமும் செலவாகும்.

ஈர்க்குச்சியும் டூத்பிக்கும் இந்த வரிசையிலேயே வராது. சாப்பாட்டுத் துணுக்கைத் தள்ளும், படலத்தைத் தேய்த்து எடுக்காது. குத்திக் குத்தி ஈறு கீழே இறங்கியதுதான் பலருக்கு மிச்சம்.

பிரஷ் எதுவாக இருந்தாலும் நார் மென்மையாக இருக்கட்டும். ஈறு விளிம்பில் 45 டிகிரி சாய்த்து வைத்து, இருந்த இடத்திலேயே மெல்ல அசைத்துவிட்டு அடுத்த பல்லுக்குப் போக வேண்டும். இரண்டு வேளை, வேளைக்கு இரண்டு நிமிடம். இரவு வேளையைத்தான் நம்மில் பலர் விடுகிறோம். மின்சார பிரஷ் கைப் பிரஷ்ஷைவிட நல்லதா என்றால், ஆமாம், ஓரளவுக்கு: மூன்று மாதத்துக்கு மேல் பயன்படுத்தியவர்களிடம் படலம் 21 சதவீதமும் ஈறு வீக்கம் 11 சதவீதமும் கூடுதலாகக் குறைந்ததாக 2014இல் காக்ரேன் தொகுத்தது. கை நடுக்கம், வாத நோய் உள்ளவர்களுக்கும், இன்னொருவர் பல் தேய்த்துவிட வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்கும் அந்தக் காசு தகும். மற்றவர்கள் அதே பணத்தில் ஸ்கேலிங் செய்து, ஒரு வருடத்துக்குப் பல்லிடை பிரஷ்ஷும் வாங்கிவிடலாம்.

மவுத்வாஷ் விஷயத்தில் ஒரு வகையை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும்: குளோர்ஹெக்சிடின். இது உண்மையிலேயே வேலை செய்யும் மருந்து. ஸ்கேலிங் முடிந்த பிறகோ, புண்ணாகி பிரஷ் வைக்க முடியாத நிலையிலோ, இரண்டு வாரத்துக்கு டாக்டர் எழுதிக் கொடுப்பார். அதை மாதக்கணக்கில் தானாக வாங்கிக் கொப்பளிப்பது தவறு. பல் பழுப்பாகும், நாக்கில் ருசி மாறும், காரையும் கூடுதலாகக் கட்டும். பல் தேய்த்த உடனே பயன்படுத்தினால் பேஸ்ட்டின் நுரைப்பொருள் மருந்தின் வீரியத்தைக் குறைத்துவிடும், அரை மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். பல வண்ணங்களில் விற்கும் மற்றவை பெரும்பாலும் வாய் மணக்க மட்டுமே.

உப்புத் தண்ணீர் வலியைத் தணிக்கும், வீக்கத்துக்கு இதமாக இருக்கும், காசும் இல்லை. செய்யுங்கள், ஆனால் அதுவே சிகிச்சை என்று நம்பி மாதங்களைக் கடத்தாதீர்கள். நல்லெண்ணெய்க் கொப்பளிப்பை நான் ஒதுக்க மாட்டேன். 2009இல் தமிழ்நாட்டுப் பல் மருத்துவர்கள் ஈறு வீக்கம் உள்ள 20 பையன்களிடம் சோதித்து, படலமும் வீக்கமும் குறைந்ததைக் காட்டினார்கள். ஆய்வு சின்னது, காலமும் குறைவு. தினமும் காலையில் 10 நிமிடம் அதற்கு ஒதுக்க முடிந்தவர், அந்த நேரத்தில் பல்லிடை பிரஷ்ஷுக்கு இரண்டு நிமிடத்தை முதலில் எடுத்துவைத்துவிட்டு மீதியை எண்ணெய்க்குக் கொடுக்கட்டும். வேப்பங்குச்சியிலும் ஆலங்குச்சியிலும் கிருமியை எதிர்க்கும் சத்து உண்டு. மென்று நாராக்கி முன்பற்களைத் தேய்க்கலாம், கடைவாய்ப் பற்களின் உள்பக்கத்துக்கு அது எட்டாது. சாம்பல், செங்கல் பொடி, கரி, பல்பொடி என்று கரகரப்பாக எதையும் விரலால் வைத்து அழுத்தித் தேய்க்க வேண்டாம். புகையிலை கலந்த பற்பொடிக்கு 1992லேயே இந்தியாவில் தடை விதித்துவிட்டார்கள். இன்னமும் அதைத் தேடி வாங்குபவர்கள் இருப்பது வருத்தமாக இருக்கிறது.

பேஸ்ட்டைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஃப்ளோரைடு உள்ள எது வேண்டுமானாலும் வாங்குங்கள், அது சொத்தையைத் தடுக்கும். வேலை செய்வது நார்தான்.

வைட்டமின் சி குறைந்தால் ஈறில் ரத்தம் வரும் என்பது உண்மை. 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் ஸ்கர்வி வந்த மாலுமிகளுக்கு ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்துக் குணமாக்கினார். அவர்கள் மாதக்கணக்கில் காய்கறி, பழம் கண்ணில் பார்க்காதவர்கள். நம் ஊரில் கொய்யாவும் நெல்லிக்காயும் தள்ளுவண்டியில் கிடைக்கின்றன. ஒரு நடுத்தரக் கொய்யாவே ஒரு நாள் தேவைக்கு மேல் கொடுத்துவிடும். சாப்பாடே இறங்காத முதியவர்கள், குடிப்பழக்கத்தில் சாப்பாட்டை விட்டவர்கள் என்று சிலருக்கு மாத்திரை தேவைப்படலாம். மற்றவர்கள் அந்தக் காசில் பழம் வாங்கலாம்.

ரத்தம் வராதவர்களும் பார்க்க வேண்டியது

இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களை 1970இலிருந்து 15 வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. ஆர்ஹுஸ் சோதனை செய்த அதே லோவின் குழுதான். அந்தத் தொழிலாளர்களுக்குப் பல் மருத்துவ வசதி எட்டவே இல்லை. எல்லார் பல்லிலும் படலம், காரை, எல்லார் ஈறும் வீக்கம். ஆனால் 8 சதவீதம் பேருக்கு எலும்பு வேகமாகக் கரைந்து பற்கள் விழுந்தன, 81 சதவீதம் பேருக்கு நிதானமாக இறங்கியது, 11 சதவீதம் பேருக்கு ஈறு வீக்கத்தோடு நின்றுவிட்டது. நீங்கள் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்பது கண்ணாடியில் பார்த்தால் தெரியாது. "எங்க தாத்தா குச்சியால தேய்ச்சு எண்பது வயசு வரைக்கும் கரும்பு கடிச்சார்" என்பது உண்மையாகவே இருக்கலாம். அவர் அந்த 11 சதவீதத்தில் ஒருவராக இருந்திருக்கலாம். பேரன் அப்படித்தான் என்று உறுதி கிடையாது.

பீடி, சிகரெட் குடிப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நிகோடின் ரத்தக் குழாயைச் சுருக்குவதால் ஈறில் ரத்தம் குறைவாகவே வரும், சிலருக்கு வராமலே இருக்கலாம். வெளியே நன்றாகத் தெரியும் ஈறுக்குக் கீழே எலும்பு போய்க்கொண்டிருக்கும். குடிப்பதை நிறுத்தியவர்களுக்குச் சில வாரம் ரத்தம் வரத் தொடங்கலாம். அதைப் பார்த்துப் பயந்து மறுபடி பற்றவைக்காதீர்கள், ஈறு பழையபடி இயங்கத் தொடங்குவதால்தான் அது வருகிறது.

பல் டாக்டரிடம் போகும்போது ஈறின் ஆழத்தை அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். மில்லிமீட்டர் குறியிட்ட மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே மெதுவாக விட்டு, ஒவ்வொரு பல்லையும் ஆறு இடத்தில் அளப்பார்கள். 3 மில்லிமீட்டர் வரை சரி. எல்லா இடமும் அதற்குள் இருந்தால் ஒரு ஸ்கேலிங், தினமும் பல்லிடை பிரஷ், வருடத்துக்கு ஒருமுறை பரிசோதனை போதும். 4, 5 என்று பல இடத்தில் வந்தால் அது ஊரில் பயோரியா என்று சொல்லும் நிலை. சாதாரண ஸ்கேலிங்கோடு நிற்காமல், வேர் வரை உள்ளே சுத்தம் செய்ய வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடி பார்க்க வேண்டும். 6க்கு மேல் போனால் ஈறு நிபுணரிடம் போங்கள், சிறிய அறுவை சிகிச்சை தேவையா என்று அவர்தான் சொல்ல முடியும். அளக்காமலே மவுத்வாஷ் எழுதிக் கொடுத்து அனுப்பினால், "ஆழம் எவ்வளவு சார்?" என்று கேட்கத் தயங்காதீர்கள். எழுதித் தந்த சீட்டைப் பத்திரமாக வைத்திருந்து அடுத்த முறை எடுத்துப் போங்கள். ஆறு மாதம் முன்னால் 5 இருந்த இடம் இப்போது 3 ஆகியிருக்கிறதா என்று பார்ப்பதற்கு அது ஒன்றுதான் வழி.